ஒன்றரை வாரத்தில் நியூட்டனை முடிக்க வேண்டாம்

பொறியியல் முதல் பருவ இயக்கவியல் பாடத்தைத் திட்டமிடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

முதலாண்டு மாணவர்களுக்குப் பல பருவங்களாக இயக்கவியல் நடத்தி வருகிறேன். நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் வரைவு அட்டவணையை இரண்டு முறை படித்தேன். 15 வாரங்களில் 12 அத்தியாயங்கள். அதில் நியூட்டனின் மூன்று விதிகளுக்கும் உராய்வுக்கும் சேர்த்து ஒன்றரை வாரம். அப்புறம் வேலை, ஆற்றல், உந்தம், சுழற்சி, ஈர்ப்பு, அலைவுகள், பாய்மம் என்று மூச்சு விடாத ஓட்டம். இந்த ஒன்றரை வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை நான்கு வாரமாக்கித் தாருங்கள்.

ஒரு பந்தை நேர்மேலே எறிகிறோம். அது மேலேறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசைகள் என்று கேட்டுப் பாருங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால் ஈர்ப்பு விசை ஒன்றுதான். ஆனால் மாணவர்களில் பலர் மேல்நோக்கியும் ஒரு அம்புக்குறி போடுவார்கள். 'கை கொடுத்த விசை' என்று பெயரும் எழுதுவார்கள். இதே மாணவர்களிடம் பந்து எட்டும் உயரத்தைக் கேட்டால் சமன்பாட்டில் எண்களைப் போட்டுச் சரியான விடை தருவார்கள். கணக்கு வருகிறது, கருத்து வரவில்லை. வேகம் இருந்தால் அந்தத் திசையில் விசையும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சிறுவயதிலிருந்தே ஊறியது. ஒரு விரிவுரையில் அது போகாது.

இது என் வகுப்பின் குறை மட்டும் அல்ல. 1992-இல் டேவிட் ஹெஸ்டனஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் கணக்கே போடத் தேவையில்லாத வினாத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். விசை பற்றிய புரிதலை மட்டும் சோதிக்கும் வினாக்கள் அவை. ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியல் பேராசிரியர் 62 பாடவகுப்புகளில் ஏறத்தாழ 6,500 மாணவர்களின் முடிவுகளைத் திரட்டி 1998-இல் எழுதினார். பருவத் தொடக்கத்தில் ஒரு வகுப்புக்குப் புரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கு பருவ முடிவில் புரிந்தது என்பது அவருடைய அளவுகோல். விரிவுரையாக மட்டும் நடத்திய வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர்கள் தங்களுக்குள் பேசி, வாதிட்டு, உடனுக்குடன் திருத்திக்கொண்ட வகுப்புகளில் 0.48. அப்படிப் பேசவும் வாதிடவும் நேரம் வேண்டும். அந்த நேரம் உங்கள் அட்டவணையில்தான் இருக்கிறது.

நான்கு வாரத்தில் என்ன செய்வேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். முதல் வாரம் முழுக்க எண்ணே கிடையாது, படம்தான். ஒரு பொருளைத் தனியாகப் பிரித்து வரைந்து, அதைத் தொடுபவை எவை, தொடாமல் இழுப்பவை எவை என்று கேட்டுக் கேட்டு அம்புக்குறி போட வேண்டும். ஒவ்வொரு அம்புக்கும் 'எது, எதன்மேல்' என்று எழுத வேண்டும். மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேசை அதற்குக் கொடுக்கும் செங்குத்து விசையும் மூன்றாம் விதி சொல்லும் வினை–எதிர்வினை ஜோடி அல்ல என்பதை உணர வைக்கவே ஒரு வகுப்பு முழுதும் போகும். இரண்டு விசைகளும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. ஜோடி என்றால் இரண்டு பொருள்கள் வேண்டும்.

அப்புறம் உராய்வு. லாரி வேகமெடுக்கும்போது அதன் தளத்தில் இருக்கும் பெட்டி சறுக்காமல் கூடவே வருகிறதே, அந்தப் பெட்டியை முன்னோக்கி முடுக்குவது எது? உராய்வு எப்போதும் இயக்கத்தை எதிர்க்கும் என்று மனப்பாடம் செய்து வந்த மாணவர் இங்கே திகைத்து நிற்பார். அந்தத் திகைப்பிலேயே அவரைக் கொஞ்ச நேரம் இருக்க விட வேண்டும். பெட்டியை முடுக்குவது நிலை உராய்வு, அதாவது சறுக்காதபோது இருக்கும் உராய்வு. அது தேவைக்கேற்ப மாறுவது, ஓர் உச்ச அளவு வரைதான் வருவது என்பது அந்த இடத்தில்தான் பிடிபடும். உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் கிடைப்பது அந்த உச்சம்தான். எல்லா நேரத்து விடையும் அல்ல.

பொறியியல் மாணவருக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஓர் ஓட்டலின் உள்ளே தொங்கிய நடைபாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் தளப் பாலமும் அதற்கு நேர் கீழே இரண்டாம் தளப் பாலமும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்குவதாக முதலில் வடிவமைப்பு இருந்தது. பின்னர் மாற்றினார்கள். கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒரு கம்பி, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு வேறொரு கம்பி. ஒரே கயிற்றை இரண்டு பேர் பிடித்துத் தொங்கினால் அவரவர் கை அவரவர் எடையைத் தாங்கினால் போதும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால்? மேலே இருப்பவரின் கை இருவர் எடையையும் தாங்க வேண்டும். அதேபோல மேல் பாலத்து உத்திரத்தின் அடியில் இருந்த நட்டின்மேல் சுமை இரண்டு மடங்கானது. இதைக் கண்டுபிடிக்க உயர்கணிதம் வேண்டாம். அந்த உத்திரத்தைத் தனியாக வரைந்து அம்புக்குறி போடத் தெரிந்தால் போதும். நான் கேட்கும் நான்கு வாரம் அந்தப் படத்துக்காகத்தான்.

சரி, எதை விடுவது? பாய்மத்தை விடலாம். தேவைப்படும் துறையினர் பின்னால் அதைத் தனிப்பாடமாகவே படிக்கிறார்கள். ஈர்ப்பையும் கோள்களின் இயக்கத்தையும் ஒரே வகுப்பாகச் சுருக்கலாம். இதை எழுதும்போது எனக்கே மனம் கேட்கவில்லை. நான் மிகவும் விரும்பி நடத்தும் பகுதி அது. ஆனால் திருப்பு விசையிலும் சுழற்சியிலும் கை வைக்காதீர்கள். தண்டு, பற்சக்கரம், நெம்புகோல் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

கணிதத் துறையோடும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். வரைவுப்படி மாறும் விசை செய்யும் வேலைக்கு 6-ஆம் வாரத்திலேயே தொகையீடு (integration) தேவைப்படுகிறது. கணிதப் பாடத்தில் அது வருவதோ 10-ஆம் வாரம். அதுவரை மாணவருக்கு அதன் குறியீடு அர்த்தமில்லாத ஒரு வளைந்த கோடு. வாரங்களை மாற்ற முடியாவிட்டால், சுருள்வில்லின் வேலையை வரைபடத்தின் கீழ் உள்ள முக்கோணப் பரப்பாகக் காட்டித் தொடங்க அனுமதியுங்கள்.

அலகுகளையும் முதல் வாரத்தோடு விட்டுவிட வேண்டாம். 1999-இல் செவ்வாய்க்குப் போன ஒரு விண்கலம் தொலைந்தது, ஒரு தரப்பு கணத்தாக்கை (விசை × நேரம்) பவுண்டு-விசை நொடியில் தர, மறுதரப்பு அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டதால்தான். ஒவ்வொரு விடைத்தாளிலும் அலகுக்கு மதிப்பெண் இருக்கட்டும்.

கடைசியாகத் தேர்வு. முதல் உள்தேர்வை 4-ஆம் வாரத்தில் வைத்திருக்கிறீர்கள். அதை 7-ஆம் வாரத்துக்குத் தள்ளுங்கள். அதில் பாதி மதிப்பெண்ணை விசைப்படத்துக்கே ஒதுக்குங்கள், விடை தவறாக இருந்தாலும் படம் சரியென்றால் அந்த மதிப்பெண் கிடைக்கும்படி. தேர்வில் கேட்பதைத்தான் மாணவர் இரவில் உட்கார்ந்து பழகுவார். என் வாரவாரித் திட்டத்தையும் படம் வரையும் பயிற்சித்தாள்களையும் குழுவிடம் தரத் தயாராக இருக்கிறேன். அட்டவணையை இறுதி செய்யும் கூட்டத்துக்கு என்னையும், இந்தப் பாடம் நடத்தும் மற்ற ஆசிரியர்களையும் அழையுங்கள்.

அன்புடன்,
முதலாண்டு இயக்கவியல் ஆசிரியர் ஒருவர்