சூட்டில் கெட்ட ஒயினும் நீங்கள் சொன்ன காரணமும்

அனுப்புநர்:
உரிமையாளர், பாரம்பரிய வீட்டு விடுதி,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஒயின் இறக்குமதி நிறுவனம், சென்னை.

பொருள்: மே 14 அன்று வந்த 24 பாட்டில் பிரான்சின் அல்சாஸ் பகுதி ஆர்கானிக் வெள்ளை ஒயின் கெட்டிருந்தது – மாற்றித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். உரிமம் பெற்ற எங்கள் விடுதிக்காக, இதே ஒயினை ஜனவரியில் 12 பாட்டில் உங்கள் மூலம் எடுத்தோம். ரீஸ்லிங், மஸ்கட், கெவுர்ஸ்ட்ராமினர் என்ற மூன்று திராட்சை வகைகள் கலந்தது. கல்பாசியும் அன்னாசிப்பூவும் மிளகும் சேர்கிற எங்கள் நண்டு மசாலாவுக்கு முன்னால் பல வெள்ளை ஒயின்கள் வெறும் தண்ணீராகிவிடும். கெவுர்ஸ்ட்ராமினரின் ரோஜா, லிச்சி வாசனை அந்தக் காரத்துக்கு ஈடுகொடுத்து நின்றது. பிரெஞ்சு விருந்தினர்கள் இன்னொரு பாட்டில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அதை நம்பித்தான் மே மாதம் 24 பாட்டில் கேட்டேன்.

வண்டி வந்தது மதியம் இரண்டரை மணிக்கு, அக்னி நட்சத்திர வெயிலில். அட்டைப்பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. குளிர்சாதனம் இல்லாத வண்டி. முந்தின நாள் காலையில் ஏற்றியது, திருச்சியில் ஓரங்கட்டி நின்றது என்று ஓட்டி வந்த தம்பி சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, உள்ளே இருப்பது என்னவென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஒன்பது பாட்டிலில் கார்க் விரல் நகம் அளவு மேலே எழும்பியிருந்தது. மூடியின் தாளுக்கடியில் பிசுபிசுவென்று கசிவு. ஜனவரியில் வந்ததில் ஒரு பாட்டில் மீதமிருந்தது. இரண்டிலும் ஒரே லாட் எண், அதாவது ஒரே தொகுப்பாக அடைத்தவை. இரண்டையும் திறந்து, வளவில் வெள்ளைத் துணி விரித்துக் கிளாஸ்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். பழையது எலுமிச்சைச் சாறு போல வெளிர் மஞ்சள். புதியது வறுத்த வெந்தயம் ஊறிய தண்ணீரின் நிறம். ரோஜா வாசனை போன இடம் தெரியவில்லை. அதிகம் வெந்த ஆப்பிளின் நெடிதான். மேலும் மூன்று பாட்டில் திறந்தேன், மூன்றும் அப்படியே. அன்று இரவு விருந்துக்குப் பரிமாற ஒயின் இல்லை.

இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் ஊழியர், "ஆர்கானிக்னா அப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு பாட்டிலும் மாறும்" என்றார். பணத்தை விட இந்தப் பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. அல்சாஸ் ஒயினை அந்தப் பகுதியிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பது 1972 முதல் சட்டம். ஆக, ஒரே லாட்டில் அடைத்த ஒன்று நன்றாகவும் மற்றது கெட்டும் இருந்தால், கோளாறு நடந்தது வழியில்தான். ஐரோப்பிய விதிப்படி சாதாரண உலர் வெள்ளை ஒயினில் ஒயினைக் கெடாமல் காக்கும் சல்பைட் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஆர்கானிக்கில் 150தான். அது குறைவாக இருப்பதால், சூட்டிலிருந்து கூடுதலாகக் காக்க வேண்டும். அந்த வேலை உங்களுடையது.

அல்சாஸின் வோஸ்ஜ் மலைச்சரிவில் ஒரு குடும்பம் களைக்கொல்லி தெளிக்காமல், பூஞ்சைக்குத் தாமிரத்தைக்கூட ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்ற வரம்புக்குள் அளந்து அடித்து வளர்த்த திராட்சை இது. இங்கே வண்டியில் வெயிலில் அதை வேக விட்டுவிட்டு, பழியையும் அவர்கள் மேல் போடுவது நியாயமில்லை. எங்கள் வீட்டில் சுண்ணாம்புச் சுவர் கனத்த உள்ளறையில்தான் எண்ணெயும் நெய்யும்கூட இருக்கும். வெயிலைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

24 பாட்டிலையும் மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் முழுத் தொகையையும் 15 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். மாற்றி அனுப்புவதானால் குளிர்சாதன வண்டியில் மட்டும் வரட்டும். அது கிடைக்காவிட்டால் மழை பிறக்கும்வரை காத்திருக்கிறேன். உங்கள் ஊழியர் சொன்ன காரணம் தவறு என்பதையும் எழுத்தில் தர வேண்டும். திறக்காத 20 பாட்டிலையும் தொடாமல் வைத்திருக்கிறேன். ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

இணைப்பு: பில் நகல், கார்க், இரண்டு கிளாஸ்களின் புகைப்படங்கள்.

இப்படிக்கு,
விடுதி உரிமையாளர்