கோடை அறிவியல் பயிற்சிக்கு ஆயத்தப் பெட்டி வேண்டாம், உள்ளூரில் பொருள் வாங்க அனுமதி வேண்டும்

அனுப்புநர்:
அறிவியல் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்கள், கோடைப் பயிற்சித் தன்னார்வலர்கள்,
கடலூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கடலூர் மாவட்டம், கடலூர்.

பொருள்: அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் மாணவர்களுக்கு மே மாதத்தில் 10 நாள் செய்முறை அறிவியல் பயிற்சி நடத்த அனுமதியும், பொருள்களை உள்ளூரில் வாங்க ஆணையும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டு வந்திருக்கிறது. ஆனால் ஒரு பாடவேளையில் ஒரு சோதனையைச் செய்து காட்டத்தான் நேரம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்து, ஓடாததைப் பிரித்து, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி கட்டுவதற்கு ஒரே மூச்சில் மூன்று மணி நேரமாவது வேண்டும். அது கோடை விடுமுறையில்தான் கிடைக்கும். காலை 7.30 முதல் 10.30 வரை, ஓர் அறையில் 24 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்ற கணக்கில் நடத்த அனுமதி கேட்கிறோம். கத்திரி வெயிலில் அதற்கு மேல் நீட்டுவது சரியல்ல.

அனுமதியைவிட முக்கியமாக நாங்கள் கேட்பது கொள்முதல் பற்றியது. பயிற்சி என்றதும், சோதனைப் பொருள்களை முன்னரே அடுக்கிய ஆயத்தப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. பெட்டியில் எல்லாம் ஒவ்வொன்றுதான் இருக்கும். ஒரு கம்பி அறுந்தால் அன்றைய வேலை அதோடு சரி. அறுப்பதற்கும் கெடுப்பதற்கும் சேர்த்துப் பொருள் இருந்தால்தான் அது செய்முறைப் பயிற்சி.

எளிய மின்மோட்டாரையே எடுத்துக்கொள்ளலாம். பெரிய டார்ச் பேட்டரி மேல் 10 சுற்று சுற்றிச் சுருளாகக் கழற்றி, இரு முனையிலும் 5 செ.மீ. விட்டுக் கம்பியை வெட்டினால் ஒரு பிள்ளைக்கு ஒன்றேகால் மீட்டர் ஆகும். 24 பேருக்கு 30 மீட்டர். எல்லோருமே முதல் சுருளை வீணாக்கக்கூடும் என்பதால் 60 மீட்டராக வைத்துக்கொள்ள வேண்டும். 26 கேஜ் எனாமல் (மின்சாரம் கசியாத பூச்சு) பூசிய செம்புக் கம்பி மீட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. மோட்டார் வைண்டிங் கடையில் 100 கிராம் வாங்கினால் ஓர் அறைக்குத் தாராளம். தெருமுனையில் கிடைக்கும் இந்தப் பொருளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவானேன்?

இந்த மோட்டார் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எனாமலைச் சுரண்டிய விதம். ஒரு முனையில் முழுச்சுற்றும் சுரண்ட வேண்டும். மறுமுனையில், சுருளை நிமிர்த்திப் பிடித்து, கம்பியின் மேல் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். அப்போது பாதிச் சுழற்சியில் மின்சாரம் நின்று, சுருள் தன் வேகத்தாலேயே மீதிப் பாதியைக் கடக்கும். இரண்டு முனையையும் முழுதாகச் சுரண்டிவிட்டால் அடுத்த பாதியில் விசை எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். சுருள் ஊஞ்சல் போல ஆடி நிற்கும். பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும் அரை மணி நேரம்தான் அன்றைய பாடம். முன்னரே சுரண்டிய சுருளோடு வரும் பெட்டி அந்தப் பாடத்தையே எடுத்துவிடுகிறது. சுரண்ட பிளேடு கூடாது, உப்புத்தாள் போதும். தாங்குகோலாக இரண்டு ஊக்குகள், அவற்றைப் பேட்டரியின் இரு முனையிலும் அழுத்திப் பிடிக்க அகலமான ரப்பர் பேண்ட். காந்தம் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுக்கும் கருப்பு வளையக் காந்தமாக இருக்கட்டும். பளபளக்கும் சிறு நியோடிமியம் காந்தங்களை வாங்கவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளைக் கவ்வி ஓட்டை போட்டுவிடும்.

பேட்டரியிலும் சிக்கனம் பார்க்க முடியாது. இந்தச் சுருளின் மின்தடை கால் ஓமுக்கும் குறைவு. ஏறக்குறைய குறுக்குச்சுற்று மாதிரிதான். பேட்டரி சூடாகி விரைவில் தளர்ந்துவிடும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று, மாற்றாக ஆறு, ஆக 18 வேண்டும். 9 வோல்ட் சதுர பேட்டரி இதற்கு உதவாது. வோல்ட் அதிகமே தவிர, இவ்வளவு மின்னோட்டத்தை அதனால் தொடர்ந்து தர முடியாது.

அடுத்தது கடல்நீர். இந்த ஊரில் இதைச் செய்யாமல் வேறெங்கு செய்வது? வடிகட்டிய 100 மி.லி. கடல்நீரை அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி, கொசுவலை போட்டு மூடி, வெயிலில் வைத்தால் நீர் ஆவியாகிச் சுமார் மூன்றரை கிராம் உப்பு மிஞ்ச வேண்டும். இங்கே இரண்டு இடத்தில் தவறு நேரும். முதலாவது, தராசு. சமையலறை டிஜிட்டல் தராசு ஒரு கிராம் படியில்தான் காட்டும். 3 என்றோ 4 என்றோ வந்தால் எதையும் ஒப்பிட முடியாது. நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற, 0.01 கிராம் காட்டும் கையடக்கத் தராசு அறைக்கு ஒன்று வேண்டும். இரண்டாவது, ஈரம். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்றில் உப்பு ஒருபோதும் முழுதாகக் காயாது. எடை கூடுதலாகவே காட்டும். ஒருமுறை நிறுத்துவிட்டு, சிறு தீயில் தோசைக்கல் மேல் பத்து நிமிடம் வைத்து, ஆறியவுடன் மறுபடி நிறுத்து, இரண்டு அளவையும் எழுதச் சொன்னால் பிழை எவ்வளவு என்று அவர்களே கணக்கிடுவார்கள். கெடிலம், உப்பனாறு ஆறுகளின் நீரையும் அடிபம்பு நீரையும் இதே முறையில் ஒப்பிடலாம். ஏற்றம், வற்றத்துக்கு ஏற்ப முகத்துவார நீரின் உப்பு மாறும் என்பதால் முகந்த நேரத்தைக் குப்பியில் எழுத வேண்டும். நீரைப் பெரியவர்களே முகந்து வருவார்கள். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போகும் திட்டம் இல்லை.

இதே ஈரக்காற்றால் பலூனைத் தேய்க்கும் நிலைமின் சோதனைகள் இங்கே மே மாதத்தில் ஏமாற்றிவிடும். மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். சங்குப்பூச் சாற்றால் அமிலம், காரம் பார்ப்பது எளிது: பத்துப் பூ, 100 மி.லி. வெந்நீர். மறுநாளே கெட்டுவிடும் என்பதால் அன்றன்று காய்ச்ச வேண்டும், அவ்வளவுதான்.

நிழல் அளக்கும் சோதனைக்காக ஒரு நாள் மட்டும் 12.30 வரை நீட்டிக்க அனுமதி வேண்டும். கடலூரில் ஏப்ரல் 20, 21 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, பிறகு வடக்கே நகர்கிறது. ஆகவே மே நடுவில் ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் தெற்கே சுமார் 12 செ.மீ. விழும். நிழல் வடக்கே விழும் என்று எழுதப்பட்ட வழிகாட்டிகள் வட இந்தியாவுக்குப் பொருந்துபவை. நிழல் மிகக் குறுகும் நேரமும் 12 மணி அல்ல, ஏறத்தாழ 12.07. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். கோல் ஒரு பாகை சாய்ந்தாலே நிழல் நுனி ஒன்றேமுக்கால் செ.மீ. தள்ளிப்போகும் என்பதால் கொத்தனாரின் தூக்குக்குண்டு கட்டாயம். 11.45 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருவராகக் குடையோடு போய்க் குறித்துவிட்டு வரலாம். எல்லோரையும் வெயிலில் நிறுத்தத் தேவையில்லை.

மேற்கண்டவற்றைக் கருதி, கீழ்க்காணும் ஆணைகளை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பயிற்சித் தொகையை ஏப்ரல் முதல் வாரத்திலேயே பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் வரவு வைத்து, ரசீதின் பேரில் உள்ளூர்க் கடைகளில் வாங்க அனுமதிக்க வேண்டும். பயிற்சிக்கு முன் இரண்டு நாள், வட்டார வள மையத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் எல்லாச் சோதனைகளையும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும். மோட்டாரை ஓட்டாத ஆசிரியரை அறைக்கு அனுப்பக்கூடாது. அந்த நாள்களுக்கு ஈடுசெய் விடுப்பு தர வேண்டும். நீர்மோரும் சுண்டலும் செய்யச் சத்துணவு மையச் சமையலறையைத் திறந்துவிட வேண்டும். தொடக்க விழா, பேனர், சான்றிதழ் எதுவும் வேண்டாம். அந்தச் செலவில் பேட்டரி வாங்கிக்கொள்கிறோம். ஏப்ரல் 20, 21 இரு நாளும் நண்பகலில் எல்லா நடுநிலைப் பள்ளிகளும் நிழலை அளக்கச் சுற்றறிக்கை அனுப்பினால், மே மாத அளவோடு ஒப்பிடப் பிள்ளைகள் கையில் ஒரு பதிவு இருக்கும்.

முன்னோட்டத்தைத் தங்கள் அலுவலர்கள் நேரில் பார்க்க விரும்பினால், இங்கே சொன்ன பொருள்களோடு மனுதாரர்கள் குறித்த நாளில் வந்து செய்து காட்டுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், கடலூர்.