சிவப்பி விஷயமாக

மக்கா,

உன் அம்மா போனில் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டுப் பயந்துகொண்டிருக்காதே. உன் கார் சிவப்பியின் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போவும் போகவில்லை. போனது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வால்வு. உன் தம்பி என் பேச்சைக் கேட்க மாட்டான், அதனால்தான் நேராக உனக்கே எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது. கட்டையனுக்கு இரண்டாவதும் பெண். பேச்சிப்பாறை தேங்காய்க் கணக்கு தீரும்வரை உன்னைத் திட்டுவேன் என்கிறான், பார்த்துக்கொள்.

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் மூன்றாவது கியரில் மிதித்தால் சிவப்பி நம்மை சீட்டோடு அழுத்துமே, அது போய்விட்டது. சத்தம் போடுகிறது, இழுக்கவில்லை. எதிர்க்காற்று என்றான் உன் தம்பி. ஆடி மாசக் காற்று காவல்கிணறு பக்கம் போகும்போது முதுகில்தானடே அடிக்கும், இது தெரியாமலா இந்த ஊரில் வளர்ந்தான்? அப்புறம் என்னிடம் சொல்லாமல் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டு விட்டிருக்கிறான். அவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் டர்போவையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகையைக் கேட்டுத்தான் அம்மா உனக்கு போன் போட்டது.

நான் வண்டியை நம் மெக்கானிக் ஆசானிடம் கொண்டுபோனேன். ஸ்கேனரில் பி0299 வந்தது, அதாவது பூஸ்ட், டர்போ கொடுக்கிற காற்றழுத்தம், வர வேண்டிய அளவுக்கு வரவில்லை. ஆசான் ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார், அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரைப் பார்த்தார், கடைசியில் டைவர்ட்டர் வால்வைக் கழற்றினார். மூன்றே ஸ்க்ரூ, ஆனால் டர்போவின் அடிப்பக்கம் ஒளிந்திருக்கிறது. ஒரு ஸ்க்ரூவுக்கு மட்டும் அவர் சொன்ன கெட்ட வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது.

நீ வண்டி ஓட்டுவாயே தவிர பானட்டைத் திறந்து பார்த்த ஆள் இல்லை, அதனால் சொல்கிறேன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் தட்டு மூடிக்கொள்ளும். டர்போ உடனே நிற்காது, நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமான் அது. அது தள்ளுகிற காற்று மூடிய தட்டில் மோதித் திரும்பி, கம்ப்ரசர் சக்கரத்தின் மேலேயே வந்து விழும். பேரிங்குக்கும் கேடு, அடுத்த தடவை மிதிக்கும்போது பூஸ்டும் தாமதமாகும். அந்த நேரத்தில் எஞ்சின் கம்ப்யூட்டர் இந்த வால்வைத் திறந்து, காற்றை டர்போவின் வாய்ப்பக்கத்துக்கே திருப்பி விடுகிறது. மறுபடி மிதித்ததும் வால்வு இறுக மூட வேண்டும்.

நம்முடையது அங்கேதான் மாட்டிக்கொண்டது. மூடுவது ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு. டர்போ சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் கிடந்து விறைத்து, பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஓரத்தில் கிழிந்திருக்கிறது. டர்போ பாடுபட்டு அழுத்துகிற காற்றில் ஒரு பங்கு அந்தக் கிழிசல் வழியே அதன் வாய்க்கே திரும்பிவிடுகிறது. செட்டிகுளம் வரை மெதுவாகப் போய்வந்தால் தெரியவே தெரியாது. காலை அழுத்தினால்தான் குட்டு வெளிப்படும்.

இனி என்ன போடுவது என்பதில்தான் சண்டை. உன் தம்பிக்கு காற்றை வெளியே விடுகிற வால்வு வேண்டுமாம். காலை எடுத்தால் 'ப்ஸ்ஸ்' என்று சத்தம் வரும், டதி ஸ்கூல் பக்கம் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே வரும் காற்றை சென்சார் எண்ணி அதற்குத் தக்க பெட்ரோலை விடுகிற எஞ்சினில், எண்ணி முடித்த காற்றை வெளியே விட்டால் என்ன ஆகும்? இல்லாத காற்றுக்கும் பெட்ரோல் போகும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி இடறும், சைலன்சரில் கரி படியும். சத்தம்தான் வேண்டுமென்றால் அவன் ஒரு விசில் வாங்கிக்கொள்ளட்டும்.

கம்பெனியே பிற்பாடு சவ்வை விட்டுவிட்டு பிஸ்டன் வகை கொண்டுவந்தது. வண்டி வந்தபடியே ஓடுகிற வரைக்கும் அது தாராளமாகப் போதும், ஆசானும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் நீ அந்த ரீமேப் ஆசையை, எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் கூட்டுகிற ஆசையை, விட்டதாகத் தெரியவில்லை. பூஸ்டை ஏற்றப் போகிறாய் என்றால் உலோகத்தில் போடுவதுதான் நல்லது என்பது என் கட்சி. இங்கிலாந்தில் ஃபோர்ஜ் என்கிறவர்கள் செய்கிறார்கள், உங்கள் ஆஸ்திரேலியாவிலேயே ஜிஎஃப்பி என்கிறவர்கள் செய்கிறார்கள். ஜிஎஃப்பிக்காரன் வேலை எனக்குப் பிடித்துப்போனது. வால்வை இயக்குகிற மின்காந்தமான கம்பெனி சோலனாய்டை அப்படியே வைத்துக்கொண்டு, சவ்வு இருந்த முன்பாகத்தை மட்டும் அலுமினிய உடலும் பித்தளைப் பிஸ்டனுமாக மாற்றுகிறான். கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன் என்றால் நீ சிரிப்பாய். சிரி. ஆனால் ஒன்று, வால்வை மாற்றியதால் குதிரைத்திறன் கூடிவிடாது. இழந்தது திரும்பி வரும், அவ்வளவுதான். கூடும் என்று எவனாவது விற்றால் வாங்காதே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு ஆசான் என்னிடம், "இவன் வருவானா, இல்ல வித்துப்போடுவானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மெல்போர்னில் நீ வீடு பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன், நல்லதுதான். உன் அப்பா மட்டும் இந்த வண்டியை விற்கலாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் இதைத் தகர டப்பா என்று திட்டியவர், இப்போது காலையில் தானே துணி எடுத்துத் துடைக்கிறார். விற்றால் நீ இனி வர மாட்டாய் என்பது அவர் கணக்கு. விற்கத்தான் நினைக்கிறாய் என்றால் என்னிடம் சொல், கம்பெனி பிஸ்டன் வால்வே போதும், பணத்தைக் கொட்ட வேண்டாம். ஆனால் அவரிடம் நீதான் பேச வேண்டும். அந்த வேலையை என் தலையில் கட்டாதே.

வைத்துக்கொள்வதாக இருந்தால் வால்வை பார்சலில் அனுப்பாதே, கஸ்டம்ஸில் மாட்டும். கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவா. அதுவரை மெதுவாக ஓட்டலாம் என்கிறார் ஆசான், சாவி என்னிடம்தான் இருக்கிறது. எஞ்சின் கோட் நம்பரையும் பழைய வால்வின் மேலிருக்கிற பார்ட் நம்பரையும் போட்டோ எடுத்து இன்றே வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கடைக்காரனிடம் கேட்ட பிறகே காசு கொடு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், ஓ-ரிங், தனியாக வருமா என்றும் கேட்டுவிடு.

மட்டி