இயக்குநர் குழுவில் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழில்நுட்பத் துறையில் பெரிய பொறுப்புகளில் இருந்தவர்கள் பலர், அடுத்து ஏதாவது ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர விரும்புகிறார்கள். நானும் அந்த வழியில் வந்தவள்தான். வர நினைப்பவர்கள் விடாமல் கேள்வி கேட்கப் பழகிக்கொண்டு வாருங்கள்.

சர்வர் விழுந்தால் ஓடிப்போய்ச் சரிசெய்தே பழகியவர்களுக்கு இது லேசில் வராது. நிர்வாகம் ஒரு சிக்கலைச் சொன்னதுமே "இப்படிச் செய்யுங்கள்" என்று வாய்வரை வந்துவிடும். ஆனால் நிறுவனத்தை நடத்துவது நிர்வாகம், அதைக் கண்காணிப்பதுதான் இயக்குநர் குழுவின் வேலை. வழியை நாமே சொல்லிவிட்டால் அது நம் முடிவாகிவிடும். அப்புறம் அதை நாமே எப்படிக் கண்காணிப்பது?

கூட்டத்துக்கு முன்பு தடிமனான கோப்பு வரும். அதில் சைபர் பாதுகாப்புக்கு ஒரே பக்கம், எல்லாக் கட்டங்களிலும் பச்சை, அதாவது எல்லாம் சரி என்று. "பேக்கப் எடுக்கிறீர்கள், சரி. கடைசியாக எப்போது அதிலிருந்து முழுவதையும் மீட்டுப் பார்த்தீர்கள்? எத்தனை மணி நேரம் ஆனது?" என்று கேட்பேன். "அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம்" என்றால், அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்வேன். அடுத்த முறை மறக்காமல் திரும்பக் கேட்பேன்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது, சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை (ஒரே நேரத்தில் ஏராளமானோர் பயன்படுத்தினால் தாங்குமா என்ற சோதனை) நடந்திருந்தது எனப் பின்னர் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. ஏற்கெனவே தள்ளிப்போன வேலை புதிய தேதிக்குள் எப்படி முடியும் என்று இயக்குநர் குழு துருவிக் கேட்கவில்லை என்பதும் அதில் இருந்தது. 2022-ல் விதிக்கப்பட்ட அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கு மேல். தொழில்நுட்பம் தெரிந்தவர் குழுவில் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதற்காகத் தொழில்நுட்பம் வரும்போது மட்டும் வாய் திறப்பவராக உட்காரக் கூடாது. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாமல் வரவே வேண்டாம். கணக்குக்கும் நாம்தான் பொறுப்பு.

நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்களைச் சேர்த்துவிட்டு, தொழில்நுட்பத்தை எல்லோரும் கிளம்பப் பார்க்கும் நேரத்துக்கு ஒதுக்காதீர்கள். கூட்டத்தில் முதலில் பேசும் பொருளாக எடுங்கள். தகவல் பாதுகாப்பு அதிகாரி, தன் மேலதிகாரிகள் உடன் இல்லாமல் இயக்குநர்களிடம் தனியாகப் பேச வழி செய்யுங்கள். கணக்குத் தணிக்கையாளருக்கு அந்த வழி இருக்கிறது, இவருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சுயேச்சை இயக்குநர்