சத்தத்தை அணைக்கச் சொல்லாதீர்கள்: புகைப்படப் பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாடுகளுக்குப் புகைப்படப் பயணம் அழைத்துச் செல்லும் அமைப்பாளர்களுக்கும், அந்தக் குழுக்களை வழிநடத்தும் ஒளிப்படக் கலைஞர்களுக்கும்,

வணக்கம்.

எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்குக்கு வரும் ஜனவரியில் மீண்டும் ஆள் திரட்டுகிறீர்கள். உங்களில் ஒருவர் அச்சிட்ட வண்ணக் கையேடு போன வாரம் என் வீட்டுக்கும் வந்தது. அட்டையில் அந்தப் பள்ளத்தாக்கில் வாழும் முர்சி இனத்துப் பெண் ஒருத்தி. கீழுதட்டில் களிமண் தட்டு, தலையில் மாட்டுக் கொம்பு, கண்ணில் காலை வெயில். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். 2019 ஜனவரியில் அந்தப் படம் எடுக்கப்பட்டபோது ஐந்தடி தள்ளி நானும் நின்றுகொண்டிருந்தேன். பிறகு கொரோனா வந்தது, எத்தியோப்பியாவில் இரண்டு ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது, பயணங்கள் நின்றுபோயின. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அட்டையைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

எங்களை அழைத்துச் சென்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேமராவின் சத்தத்தை அணைத்துப் படத்துக்கான காசைக் குறைக்கும் பழக்கம் அவர் ஒருவரோடு முடிகிறது என்றால் அவருக்கே தனியாக எழுதியிருப்பேன். பிற குழுக்களோடு போய்வந்த நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல் கேமராவைக் கையில் எடுத்தவள். மூன்று ஆண்டுகள் பணம் சேர்த்து உங்களோடு வந்தேன். கோன்சோ மலைச்சரிவுகளில் கல்லடுக்கிக் கட்டிய வயல்களைப் பார்த்தபோதும், கோர்ச்சோ மேட்டில் நின்று ஓமோ ஆறு வளைந்து திரும்புவதைப் பார்த்தபோதும் என் பிறவிக்கு இது போதும் என்று நினைத்தேன். அதற்கு இன்றும் நன்றியுடையவள். ஒளியைப் பற்றி உங்கள் குழுத் தலைவர் கற்றுக்கொடுத்தவை பொய்யில்லை. ஆனால் ஜிங்கா நகரில் ஓர் இரவு அவர் கற்றுக்கொடுத்ததை நான் மறக்கவில்லை.

மறுநாள் முர்சி கிராமம். சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: விடியுமுன் கிளம்ப வேண்டும், மாகோ தேசியப் பூங்கா வழியில் செட்சி ஈ கடிக்கும், வண்டிக் கண்ணாடியை இறக்காதீர்கள், இன்ன லென்ஸ் போதும். எல்லாம் பயனுள்ள பேச்சு. கடைசியாக இதைச் சொன்னார்: "ஒரு படத்துக்கு ஐந்து பிர் கேட்பார்கள். ஷட்டர் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் எண்ணுவார்கள். அதனால் எல்லோரும் கேமராவைச் சத்தமில்லா முறைக்கு மாற்றிவிடுங்கள்."

சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அப்போதே மெனுவைத் திறந்து மாற்றிக்கொண்டார். என்னுடையது பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா. உள்ளே கண்ணாடி எழும்பி விழும்போது 'டக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. "உங்களுக்கு மட்டும் செலவு கொஞ்சம் கூடும் அம்மா" என்றார் தலைவர். அதை ஒரு தொழில்நுட்பக் குறிப்பு என்று நினைத்து நானும் தலையாட்டினேன். பிர் எத்தியோப்பிய நாணயம்; ஐந்து பிர் என்பது அன்றைக்கு நம் பணத்தில் பன்னிரண்டரை ரூபாய்.

காலை எட்டு மணிக்கு ஊருக்குள் போனோம். பத்து நிமிடத்தில் என்னைச் சுற்றி மட்டும் கூட்டம் கூடியது. மற்ற பத்துப் பேரின் கைகளிலும் என்னுடையதைவிடப் பெரிய, புதிய கேமராக்கள். அவர்களை விட்டு ஏன் என்னிடம் வருகிறார்கள் என்று விளங்கவில்லை. ஒரு முதிய பெண் என் விரலைப் பிடித்து ஷட்டர் பொத்தான்மேல் வைத்தாள். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அப்போதுதான் புரிந்தது. அன்று அந்த ஊரில் காதுக்குக் கேட்கிற கேமரா என்னுடையது ஒன்றுதான்.

அட்டைப் படத்துப் பெண்ணுக்கு இருபது வயதுக்குமேல் இராது. இடுப்பில் கைக்குழந்தை. குழந்தை சட்டகத்தைக் கெடுக்கிறது என்று தலைவர் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார். குழந்தையை ஒரு சிறுமி வாங்கிக்கொண்டு போனாள். அது அழுத அழுகை படப்பிடிப்பு முடியும்வரை ஓயவில்லை. அந்தப் பெண் தட்டை உதட்டில் பொருத்திக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைக் கழற்றி, எச்சிலைத் துடைத்து, அழுகை வந்த திசையைப் பார்த்தாள். "தட்டு, தட்டு" என்று நம்மவர்கள் கைகாட்டினார்கள். மறுபடி போட்டுக்கொண்டாள். இப்படி அரை மணி நேரத்துக்கு மேல்.

நம் குழுவில் ஒருவர் அவள் முன்னால் முழந்தாளிட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். சத்தம் இல்லை. முடித்ததும் மூன்று விரலைக் காட்டி, பதினைந்து பிர்ரைக் கையில் வைத்தார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் நிலத்தைப் பார்த்தார். தலைவர் வந்து அவள் கையை விலக்கிவிட்டு, எங்களிடம் தமிழில் சொன்னார்: "இவர்கள் இப்படித்தான். காசு, காசு என்று பிடுங்குவார்கள்."

அன்று மாலை வண்டியில் அந்த நண்பர் கேமராவை எல்லோரிடமும் கொடுத்துப் படங்களைக் காட்டினார். அவளை மட்டும் எடுத்தவை 64. நான் எண்ணினேன். ஆசிரியை, எண்ணாமல் இருக்க முடியவில்லை. மூன்று போக 61. 305 பிர். அன்றைய கணக்கில் எழுநூற்று அறுபது ரூபாய். அந்த இரவு விடுதியில் நாம் குடித்ததற்கே அதைவிட அதிகம் கொடுத்தோம். எழுந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அந்த வெட்கமும் சேர்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதவைக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். உங்கள் குழுவில் யாரிடமும் கேமராவின் சத்தத்தை அணைக்கச் சொல்லாதீர்கள். பேசிய விலையை முழுதாகக் கொடுங்கள்.

'அங்கே போகாமலே இருந்துவிடலாமே' என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. முர்சிகள் மாடு மேய்ப்பவர்கள். ஓமோ ஆறு ஆண்டுதோறும் பெருகி வடிந்தபின் கரையில் படிந்த ஈர வண்டலில் சோளம் விதைத்தார்கள். ஆற்றின் மேல்பகுதியில் 243 மீட்டர் உயரமாகக் கட்டிய மூன்றாம் கிபே அணை 2016இல் திறக்கப்பட்டது. அந்தப் பெருக்கு இப்போது வருவதில்லை. கீழே அரசின் கரும்புத் தோட்டங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டன. வெள்ளம் வராத, மேய்ச்சல் சுருங்கிய ஊரில் படத்துக்கு ஐந்து பிர் என்பது பிச்சையோ பேராசையோ இல்லை. அது அவர்கள் பார்க்கிற வேலைக்குக் கூலி. கூலியில் கைவைப்பதற்கு எந்த ஊரிலும் ஒரே பெயர்தான்.

உதட்டுத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருவம் எய்தும் வயதில் பெண்ணின் கீழுதட்டைத் தாயோ உறவுக்காரப் பெண்ணோ கீறி, மரக்குச்சி செருகி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாக விரிப்பார்கள். மணமான பெண்கள் அதை எந்நேரமும் அணிவதில்லை. கணவனுக்கு உணவு பரிமாறும்போது, மாடு கறக்கும்போது, திருமணம் போன்ற சடங்குகளின்போது அணிவார்கள். அதற்கென்று ஒரு கண்ணியம் இருக்கிறது. தலையில் கவிழ்த்துக்கொள்ளும் மாட்டுக் கொம்புகளோ நமக்காக வந்தவை; அதிகம் விசித்திரமாக இருந்தால் அதிகம் பேர் எடுப்பார்கள் என்று நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. அதை எங்கள் மொழிபெயர்ப்பாளரே சொன்னார். உங்கள் கையேட்டிலோ அது 'ஆயிரமாயிரம் ஆண்டு மாறாத பாரம்பரியம்' என்று அச்சாகியிருக்கிறது.

அதே கையேடு 'யுனெஸ்கோ அங்கீகரித்த ஆதி மனிதர்கள்' என்கிறது. ஓமோவின் கீழ்ப்பள்ளத்தாக்கு 1980இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது உண்மை. அங்கே மண்ணுக்குள் கிடைத்த தொல்மனித எலும்புகளுக்காகவும் கல்கருவிகளுக்காகவும் கிடைத்த பெருமை அது. இன்று உயிரோடு இருக்கிற, தோளில் துப்பாக்கி மாட்டிக்கொண்டு மாட்டுக்குக் காவல் நிற்கிற, கையில் செல்பேசி வைத்திருக்கிற மனிதர்களை அந்த எலும்புகளின் பட்டியலில் சேர்க்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? புகைப்படப் போட்டிகளும் இதற்கு உடந்தை. 'மறைந்துவரும் கடைசிப் பழங்குடி' என்று தலைப்பிட்டு அனுப்பினால் பரிசு. படத்தில் இருப்பவரின் பெயரை எந்த நடுவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நமக்கு இது தெரியாத வலி இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நீலகிரிக்குப் போய்த் தோடர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். வெள்ளைக்காரர்களின் கேமரா முன் பெயரில்லாமல், சாதியின் மாதிரி என்று நிறுத்தப்பட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். பழைய அச்சுகளில் அந்த முகங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். நூறு ஆண்டு கழித்து நாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வாசலில் போய் அதே இடத்தில் நிற்கிறோம்.

கோபத்தில் சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மாற்றுவழியை நீங்களே எங்களுக்குக் காட்டியிருக்கிறீர்கள். அதை நினைவூட்டத்தான் விரும்புகிறேன்.

துர்மி ஊருக்கு அருகே ஹமர் மக்களின் காளை தாண்டும் சடங்குக்குப் போனோம் அல்லவா? அங்கே படத்துக்கு இவ்வளவு என்ற பேச்சே இல்லை. தலைக்கு ஒரு தொகை, முன்கூட்டியே, பெரியவர்கள் கையில், எல்லோர் கண்ணெதிரிலும். கொடுத்து முடித்தபின் யாரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெண்ணெயும் செம்மண்ணும் குழைத்துப் பூசிய கூந்தலோடு பெண்கள் கொம்பூதி ஆடினார்கள். வரிசையாக நிறுத்திய காளைகளின் முதுகின்மேல் அந்த இளைஞன் ஓடினான். மறுகோடியில் நின்ற அவன் தாயின் முகத்தில் இருந்த கவலை கேமராவுக்காக வந்ததில்லை. என்னிடம் இருக்கிற நல்ல படம் என்றால் அந்த ஒன்றுதான். அங்கும் சடங்கின் பகுதியாகச் சாட்டையடி பட்ட பெண்களின் முதுகுத் தழும்பை நெருக்கத்தில் எடுக்க நம்மவர்கள் முண்டியடித்ததை நான் மறக்கவில்லை. ஆனாலும் அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

முர்சி கிராமத்திலும் அப்படிச் செய்ய என்ன தடை? ஊர்ப் பெரியவர்களோடும் பெண்களோடும் உட்கார்ந்து ஒரு தொகை பேசுங்கள். அதை எங்கள் கட்டணத்தில் சேருங்கள், கொடுக்கிறோம். விருப்பமில்லாதவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கட்டும். முதல் இரண்டு மணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்தில் ஓர் ஊரை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவதை விட்டு, ஒரே ஊரில் இரண்டு நாள் தங்கவையுங்கள். இவையெல்லாம் ஒரே நாளில் முடியாது என்றால், இந்த ஜனவரியில் குறைந்தது ஒன்றைச் செய்யுங்கள்: படத்துக்கு ஐந்தோ பத்தோ, பேசிய பிறகு சத்தத்தை அணைக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் காதால் எண்ணுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்தக் காதை மூடாதீர்கள்.

கையேட்டை வெளியிட்டவருக்கு மட்டும் தனியாக ஒரு வேண்டுகோள். அந்த அட்டைப் படத்தை எடுத்துவிடுங்கள். தன் முகம் இங்கே பயணச்சீட்டு விற்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. எடுக்க மனமில்லை என்றால் அவளைத் தேடிப் போய்க் கேளுங்கள், அவள் சொல்கிற விலையைக் கொடுங்கள்.

என் பழைய கேமராவிலும் அவளுடைய படங்கள் ஒன்பது இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் தட்டு இல்லை, கொம்பு இல்லை. குழந்தையைத் திரும்ப வாங்கி அணைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பெரிதாக அச்சிட்டு, தண்ணீர் படாமல் உறையிட்டு வைத்திருக்கிறேன். உடன் ஓர் உறையில் அந்த 61 படங்களுக்கான பணமும். பிர்ரின் மதிப்பு இப்போது வெகுவாக இறங்கிவிட்டதால் இன்றைய கணக்குக்குக் கூட்டி வைத்திருக்கிறேன். ஜனவரியில் போகிறவர்கள் யாராவது இவற்றை வாங்கிப் போய் அவளிடம் சேர்த்துவிட வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது இருக்கும்.

இப்படிக்கு,
2019 ஜனவரிக் குழுவில் உங்களோடு வந்த ஆசிரியை