முகாம் படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்

பெங்களூரில் மருத்துவ முகாம் நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் முகாமுக்கு வரும் நம் மக்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறீர்கள். நல்ல காரியம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். பதிவுப் படிவத்தில் 'உங்கள் ரத்த உறவில் யாருக்காவது தைராய்டு உண்டா?' என்று ஒரு வரி சேருங்கள். அப்பா வழியையும் கேளுங்கள்.

அயோடின் உப்பு பரவிவிட்ட நம் நகரங்களில், தைராய்டு ஹார்மோன் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் ஹஷிமோட்டோ நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவது அது. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டில் வெள்ளணுக்கள் மண்டி வீங்கியிருந்ததைப் பதிவு செய்தார். சுரப்பிக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் ஓடுவது 1956-ல் லண்டனில் கண்டறியப்பட்டது. இன்று நாங்கள் அளப்பது பெரும்பாலும் ஆன்டி-டிபிஓ, அதாவது தைராய்டின் ஒரு நொதிக்கு எதிரான ஆன்டிபாடி.

இந்த அழற்சிக்கும் ஆன்டிபாடிக்கும் பின்னால் மரபணுக்கள் இருக்கின்றன. வெள்ளணுக்களின் வேகத்துக்குப் பிரேக் போடுவது சிடிஎல்ஏ-4 என்ற மரபணு. எதைத் தாக்குவது என்று அவற்றுக்கு எடுத்துக் காட்டுவது எச்எல்ஏ என்ற மரபணுக் குடும்பம். இப்படிப் பல மரபணுக்களின் சிறு மாறுபாடுகள் சேர்ந்துதான் ஒருவரை நோயின் பக்கம் சாய்க்கின்றன. அவை தாயிடமிருந்தும் வரும், தந்தையிடமிருந்தும் வரும். ஆண்களுக்கு நோய் குறைவாக வருவதால் அப்பா வழியை யாரும் நினைப்பதில்லை. அத்தை மாத்திரை சாப்பிடுவது பல பெண்களுக்குத் தெரியாமலே இருக்கிறது.

ஆனாலும் மரபணு தலையெழுத்து இல்லை. டென்மார்க்கின் இரட்டையர் ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிறந்த இருவரில் ஒருவருக்கு ஹஷிமோட்டோ இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது 55 சதவீதம்தான். ஆன்டிபாடி மட்டும் என்றால் 80 சதவீதம். மரபணு ஒன்றாகவே இருந்தும் எல்லாரும் நோயாளி ஆவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெண் பார்க்க வரும் இடத்தில் தைராய்டை மறைக்கச் சொல்லும் அம்மாக்களை நான் தினமும் பார்க்கிறேன். குடும்பத்தில் உண்டா என்று மைக்கில் கேட்டால் ஒரு பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். கேள்வி தாளில் இருக்கட்டும், பதிலை டாக்டர் மட்டும் பார்க்கட்டும். பெயர்ப் பட்டியல் எதுவும் சங்க அலுவலகத்தில் தங்கக் கூடாது. இதற்கு உறுதி தர முடியாதென்றால் கேட்காமலே விடுங்கள்.

'உண்டு' என்று எழுதியவருக்கு முதலில் டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவைப் பார்க்கும் பரிசோதனை, போதும். ஆன்டிபாடி தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஒருமுறை பாசிட்டிவ் வந்துவிட்டால் அதையே திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் செலவு. டிஎஸ்எச் சரியாக இருந்தால் பொதுவாக மாத்திரை வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்துக்கொண்டால் போதும். கர்ப்பிணிகளையும் கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்களையும் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். ஆன்டிபாடி உள்ளவர்களுக்குக் கர்ப்பத்திலேயே சுரப்பி தடுமாறலாம், பிரசவத்துக்குப் பின்னும் அழற்சி வரலாம். பிள்ளை பெற்ற அசதி என்று வீட்டில் தள்ளிவிடுவார்கள்.

மரபணுப் பரிசோதனை விற்பவர்களுக்கு மட்டும் முகாமில் மேசை போடாதீர்கள். இந்த நோயோடு சேர்த்து ஐரோப்பியரிடம் பேசப்படும் பிடிபிஎன்-22 என்ற மரபணுவின் மாறுபாடு நம்மிடம் மிக அரிது. அவர்கள் கணக்கை நம் மேல் அப்படியே வைக்க முடியாது. நம்மவர்களின் மரபணுக்களைப் படிக்க ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைச் சேர்த்திருக்கிறது. அதை ஒருங்கிணைத்தது இதே ஊரில், இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம். அங்கிருந்து பயனுள்ள முடிவுகள் வரும்வரை, காசில்லாமல் கேட்கும் அந்த ஒரு கேள்விதான் நமக்கு உதவும்.

படிவத்தின் தமிழ், கன்னட வாசகத்தை எழுதித் தர நான் தயார். அடுத்த முகாமுக்கு முன் சொல்லி அனுப்புங்கள்.