ஒற்றைக் காதில் கேள், மாப்பிள்ளை

மாப்பிள்ளை,

நான் அனுப்பிய 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தை மூன்றே நிமிஷத்தில் நிறுத்திவிட்டு, "எட்டு பேர் சேர்ந்து சண்டை போடறாங்கடா" என்று எழுதியிருந்தாய். எட்டு என்று சரியாக எண்ணியிருக்கிறாயே, அதுவே எனக்கு சந்தோஷம்.

தப்பு என் பேரில்தான். போன் ஸ்பீக்கரில் போடாதே என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பர் 21 அன்று நியூயார்க்கில் நால்வர் கொண்ட இரண்டு குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்கவிட்டுப் பதிவு செய்தது இது. இடது பக்கம் அவருடைய ஆல்டோ சாக்ஸபோன், டான் செர்ரியின் குட்டி ட்ரம்பெட், ஸ்காட் லஃபாரோவின் பாஸ் (அடிக்குரலில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ். வலது பக்கம் எரிக் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட், ஃப்ரெடி ஹப்பர்டின் ட்ரம்பெட், பாஸில் சார்லி ஹேடன், டிரம்ஸில் எட் பிளாக்வெல். போனில் இந்த இரண்டு பக்கமும் ஒன்றாகக் குழைந்துவிடும்.

அதனால் இயர்போனை எடு, வலது காதில் மட்டும் மாட்டு. முதலில் தனியாக வருவது டால்ஃபி. அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருப்பார், திடீரென்று கீச்சென்று மேலே தாவுவார். அப்புறம் இடதையும் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேள்.

ஒழுங்கே இல்லை என்கிறாய். இருக்கிறது. எழுதிவைத்த சின்ன முழக்கம் ஒன்று வரும், பிறகு ஒருவர் பேச, மற்றவர்கள் பின்னால் ம் கொட்டுவார்கள், குறுக்கே நுழைவார்கள், எடுத்துக்கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் சித்தியும் பெரியம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் பேசி ஒரு வார்த்தை விடாமல் கேட்டும் முடிப்பார்களே, அதேதான். முன்கூட்டியே முடிவு செய்த கார்ட் வரிசைதான் கிடையாது, அதாவது எந்தச் சுரக்கூட்டுக்குப் பின் எது என்ற திட்டம்.

இரண்டு பாஸும் தனியே பேசும் இடத்துக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன். ஹேடன் தரையை விட்டு நகரமாட்டார், லஃபாரோ மேலே ஓடிக்கொண்டே இருப்பார். இதற்கு அப்புறம் ஏழு மாதம்கூட அவர் உயிரோடு இல்லை, 25 வயதில் கார் விபத்து.

கடைசியில் வரும் டிரம்ஸ் எனக்கே கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். மொத்தம் 37 நிமிஷம். பத்தாவது நிமிஷம் வாக்கில் கோல்மன் தன் முறையை ஆரம்பிப்பார், அதுவரைக்குமாவது நிறுத்தாமல் இரு. அப்புறம் திட்டுவதாக இருந்தால் போன் பண்ணித் திட்டு.